‘ஜெபித்துவிட்டேன்’ என்று முடித்த பேச்சுகள்

பெரிய வியாழன் மாலை ஆராதனைக்குப் புறப்படும் முன்பு, குளியலறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பீர்க்க நாரால் என் கால்களை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். குதிகால் வெடிப்புக்குள் இருந்த அழுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்தேன். நகம் வெட்டினேன். கடைசியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். அன்றைக்கு எங்கள் கோயிலில் குருவானவர் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுவதாக இருந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் என் பெயரும் இருந்தது.

என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “அவங்க கழுவுததுக்கு என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

ஆராதனையில் எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு கொத்தனார் உட்கார்ந்திருந்தார். சிமென்ட் தின்று வெளுத்துப்போன பாதங்கள். வேலையிலிருந்து நேராக வந்திருப்பார் போல. குருவானவர் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, குனிந்து அவர் கால்களில் தண்ணீர் ஊற்றினார். பாத்திரத்தில் தண்ணீர் கலங்கியது. அடுத்து என் கால். தெளிந்த தண்ணீர் விழுந்தது. அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13ஆம் அதிகாரத்தை அதற்கு முன் எத்தனை முறை வாசித்திருப்பேன்! “போஜனத்தை விட்டெழுந்து, வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு...” என்று ஒவ்வொரு அசைவாகச் சொல்லிக்கொண்டு போகும் பகுதி அது. அந்தக் காலத்து யூதேயாவில் புழுதித் தெருவில் செருப்போடு நடந்து வருகிறவர்களின் கால் கழுவுவது அடிமையின் வேலை. அன்றிரவு அடிமை யாரும் இல்லை. சீஷர்கள் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அதே இராப்போஜனத்தில் அவர்களுக்குள் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் நடந்ததாக லூக்கா எழுதுகிறார். ‘நான் எழுந்தால் நான் சின்னவன் என்று ஆகிவிடுமே’ என்று பன்னிரண்டு பேரும் அழுக்குக் காலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போதுதான் போதகராகிய இயேசு எழுந்திருக்கிறார்.

2013இல் போப் பிரான்சிஸ், தாம் பதவிக்கு வந்த பதினைந்து நாளுக்குள், ரோமில் இளங்குற்றவாளிகளை வைத்திருக்கும் ஓர் இடத்துக்குப் போய், பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவினார். அவர்களில் இரண்டு பேர் பெண்கள். முஸ்லிம்களும் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது என் கண் கலங்கியது. கண் கலங்குவது எனக்கு எப்போதும் சுலபமாக வரும். அதை நான் பல வருடங்களாகத் தாழ்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வங்கியில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன். பிறந்தது தேரிக்காட்டுப் பக்கம், பனை நிறைந்த ஒரு கிராமத்தில். என் தாத்தா அங்கே உபதேசியார், அதாவது குருவானவருக்குக் கீழே இருந்து ஊர்ச் சபையைக் கவனிக்கிறவர். உபதேசியார் வீடு என்றால் ஊருக்குள் மரியாதை உண்டு, பணம் கிடையாது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது எங்கள் பாட்டி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது பிடியரிசிக் காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். அரிசி போதாத நாளிலும் அந்தப் பிடி குறையாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன் என்பதாலும், கணக்கு தெரிந்தவன் என்பதாலும், எங்கள் சபைக்கு என்னைப் பொருளாளராக வைத்தார்கள். தொடர்ந்து பதினொரு வருடம்.

ஜெபிக்கச் சொன்னால் நான் நன்றாக ஜெபிப்பேன். ‘தூளும் சாம்பலுமாயிருக்கிற அடியேன்’ என்று தொடங்குவேன். ‘ஒன்றுக்கும் உதவாத பாத்திரம்’, ‘நானோ ஒரு புழு, மனுஷனல்ல’ என்றெல்லாம் வரும். எல்லாம் வேத வார்த்தைகள்தான். ஆபிரகாமும் தாவீதும் சொன்னவை. ஆனால் அவர்கள் உண்மையில் நடுங்கிச் சொன்னார்கள். நான் அந்த வார்த்தைகளைச் சரளமாகச் சொன்னேன்.

அந்த வருடம் அசனப் பண்டிகை முடிந்து இரண்டு மாதம் கழித்து சபைக் கூட்டம் நடந்தது. அசனம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் வருடத்துக்கு ஒரு நாள் சபை முழுவதும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும். காணிக்கையாக ஆடு வரும், அரிசி மூட்டை வரும், தேங்காய் வரும். முந்தின நாள் ராத்திரி முழுக்க ஆண்கள்தான் விறகடுப்புக்கு முன்னால் நிற்பார்கள். மறுநாள் பந்தியில் கார் வைத்திருக்கிறவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவார்கள். நம்முடைய விசுவாசத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் அது ஒன்று. இப்போதும் அந்த வாசனை வந்தால் எனக்கு நெஞ்சு நிறையும்.

நான் கணக்கு வாசித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்தான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். எங்கள் கோயிலைப் பெருக்கி, பாய் விரித்து, மணியடிக்கிற அண்ணாச்சியின் மகன். காமர்ஸ் படித்தவன். “சார், விறகுக்கு ரெண்டு இடத்துல எழுதியிருக்கு, அது என்னன்னு சொல்லுங்க சார்” என்றான். மரியாதையாகத்தான் கேட்டான்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “முப்பது வருசம் கோடிக்கணக்குல பணத்த எண்ணினவன் நான். நேத்து வந்த பைய, என்கிட்ட விறகுக் கணக்கு கேக்கியா?” என்றேன். அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “ஒங்கப்பாட்ட கேளு, நம்ம இடம் எதுன்னு சொல்லுவாரு” என்றேன்.

அந்த வார்த்தை வெளியே வந்ததும் கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவனுடைய அப்பா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. பையன் உட்கார்ந்துவிட்டான். கணக்கு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து வவுச்சர்களை எடுத்து விரித்தேன். விறகுக்கு முன்பணம் 6,500 ரூபாயை என் கையிலிருந்து கொடுத்திருந்தேன். மறு வாரம் அதைச் சபைப் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். அப்புறம் விறகுக்கடைக்காரர் முழுத்தொகைக்குப் பில் கொடுத்தபோது, அந்தப் பில்லையும் முழுதாக எழுதி, பாக்கியைக் கொடுத்ததுபோக 6,500ஐ மறுபடியும் என் பணம் என்று எடுத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் இரண்டு மாதமாகச் சபைப் பணம் 6,500 ரூபாய் என்னிடம் இருந்தது. பையன் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

பணத்தை மறுநாள் காலையிலேயே கட்டிவிட்டேன். வாயைத் திறப்பதற்குத்தான் மூன்று வாரம் ஆனது. முதலில் அவனைத் தனியாகப் பார்த்து, தோளில் தட்டி, “தம்பி, நீ சொன்னது சரிதான்ப்பா” என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன். குருவானவரிடம் போய்ச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சார், எங்க வச்சுப் பேசினீங்களோ அங்க வச்சுத்தான் கேக்கணும்” என்றார். என்னைவிட இருபது வயது இளையவர். பெரிய வியாழனன்று என் காலைக் கழுவியவர். அன்றைக்கு எண்ணெய் பூசிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு இப்போது உண்மையான அழுக்கை அவர் முன்னால் காட்ட வேண்டியிருந்தது. பேதுருவிடம் இயேசு சொன்னாரே, “நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை” என்று. அந்த வசனம் இவ்வளவு கடினமான வசனம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மற்றவன் காலைக் கழுவக்கூட நான் தயாராக இருந்திருப்பேன். அதில் பார்க்கிறவர்கள் மத்தியில் ஒரு பேர் கிடைக்கும். என் காலைக் காட்டுவதில் ஒன்றும் கிடைக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று, கணக்கில் நடந்த பிழையைச் சொன்னேன். பையனிடமும், பிறகு அவன் அப்பாவின் பக்கம் திரும்பி அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். குரல் சரியாக வரவில்லை. வெளியே வந்தபோது பையன் என்னிடம் வந்து, “சார், அடுத்த வருசம் கணக்கு எழுதும்போது நானும் கூட இருக்கட்டா?” என்றான். இப்போது அவன்தான் பொருளாளர்.

அந்த நாட்களில் ‘தாழ்மை’ என்ற சொல்லையே நான் புதிதாகப் பார்க்கத் தொடங்கினேன். தமிழில் மற்றவர்கள் பணிவு என்பார்கள், அடக்கம் என்பார்கள். கிறிஸ்தவர்கள்தான் தாழ்மை என்று அதிகம் சொல்லுகிறோம். ஆனால் நம் ஊரில் ‘தாழ்’ என்ற வேர் சாதாரணமான வேர் அல்ல. தாழ்ந்தவன், தாழ்த்தப்பட்டவன் என்று நூற்றாண்டுகளாக மனிதர்கள்மேல் வைத்த பாரம் அதற்குள் இருக்கிறது. பிலிப்பியர் நிருபத்தில் பவுல் இயேசுவைப் பற்றி எழுதும்போது “தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து” என்கிறார், “தம்மைத்தாமே தாழ்த்தினார்” என்கிறார். ‘தம்மைத்தாமே’ என்பது இரண்டு தடவை வருகிறது. வேறு யாரும் அவரைத் தாழ்த்தவில்லை. உயரத்தில் இருந்தவர் தானாக இறங்கி வந்தார்.

அப்படியானால் தாழ்மை யாருக்கான பிரசங்கம்? கடைசி வரிசையில் நிற்கிற அண்ணாச்சிக்கு அதை என்னவென்று போதிப்பது? அவர் எங்கிருந்து இறங்குவது? ஆனால் நாம் பெரும்பாலும் அவருக்குத்தான் போதித்தோம். நம் சபைகளின் வரலாற்றிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே முழுவதுமாக விட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரில் ஏராளமான கிறிஸ்தவர்கள் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுப்பதைவிட சபையைவிட்டு வெளியே போவது மேல் என்று போனார்கள். அவர்களும் தினமும் ஜெபித்தவர்கள், ஞானப்பாட்டு பாடினவர்கள். அவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, பயம் வருகிறது. ‘நம்ம இடம்’ என்று நான் சொன்ன சொல் அவர்களுடைய சொல்தான்.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நம் பக்கத்து ஆட்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் ஆனவர். ஆயராவதற்கு முன்பே, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு பிரபலமானது. மிஷனெரிகள் தங்கள் பொருளையெல்லாம் கொடுத்தார்கள், உயிரையே கொடுத்தார்கள், அதற்கெல்லாம் நன்றி. எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பலருக்கு அது அங்கே பிடிக்கவில்லை. வெள்ளைக்காரரைப் பார்த்து நம்மவர் ஒருவர் இப்படிக் கேட்டார் என்று நான் எத்தனையோ கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கோயில் அண்ணாச்சிக்கு நான் கிறிஸ்மஸுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மகன் படிப்புக்கு ஒருமுறை ஃபீஸ் கட்டியிருக்கிறேன். அவர் வீட்டுக்குள் ஒரு நாளும் போனதில்லை. பதினொரு வருடத்தில் ஒரு டம்ளர் காப்பி அங்கே குடித்ததில்லை.

மன்னிப்புக் கேட்ட பிறகு ஒரு சனிக்கிழமை போனேன். எங்களை விடச் சின்ன வீடு, எங்களை விடச் சுத்தமான வீடு. அந்த அக்கா கருப்புக்கட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அண்ணாச்சி நின்றுகொண்டே இருந்தார். “நீங்க உக்காந்தாத்தான் நான் குடிப்பேன்” என்றேன். அவர் உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினோம். பனையேறுகிற ஆட்கள் குறைந்துவிட்டதைப் பற்றிப் பேசினோம். அவருடைய அப்பா எங்கள் தாத்தாவிடம் ஞானப்பாட்டுகள் கற்றுக்கொண்டவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி வீட்டில் நான் கொஞ்சம் நிறைவாக இருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்: “கோயில்ல மன்னிப்புக் கேட்டீங்க. அவங்க வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டீங்க. ரொம்ப சந்தோசம். நம்ம வீட்ல எப்ப?”

எதற்கு என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

2004இல் எனக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. அப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒன்பது வருட வேலை. பிள்ளைகளுக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம். நான் மட்டும் போய்விட்டு வார இறுதியில் வரலாமா, இல்லை அவள் வேலையை விடுவதா என்று ஒரு வாரம் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் நான் குடும்ப ஜெபம் முடித்து எழுந்து, “ஜெபிச்சிட்டேன். கர்த்தர் தெளிவா காட்டிட்டார். நாம எல்லாரும் சேர்ந்துதான் போகணும்” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதமே வேலையை விட்டாள். அவள் அமைதியாக இருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், அதையே சாட்சியாகவும் சொல்லியிருக்கிறேன்.

“கர்த்தர் சொன்னார்னு சொன்னா நான் யார்கிட்டங்க போய்ப் பேச?” என்றாள். இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

இதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் இதற்கு வழி. கிறிஸ்தவ வீட்டில் ஆண்பிள்ளை கையில் இருக்கிற மிகப் பெரிய அதிகாரம் சம்பளமோ சத்தமோ இல்லை. ‘ஜெபித்துவிட்டேன்’ என்கிற சொல்தான். சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போடலாம். ஜெபித்துவிட்டேன் என்றால் எதிரில் இருக்கிறவள் தேவனோடு மோத வேண்டும். யோசித்துப் பார்த்தால், நான் அந்த வாரம் உண்மையாக ஜெபிக்கக்கூட இல்லை. எனக்கு எது வசதியோ அதைக் கர்த்தரிடம் தெரியப்படுத்தினேன். பிறகு அவர் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தேன். வங்கியில் யாராவது அப்படிச் செய்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாண ஆராதனைகளில் எபேசியர் 5ஆம் அதிகாரத்தை எங்கிருந்து வாசிப்பார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் 22ஆம் வசனம்: “மனைவிகளே, கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறதுபோல, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்.” அதற்கு முந்தின வசனம் “தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்” என்பது. ஒரு வேதபாட வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன்: கிரேக்க மூலத்தின் மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் 22ஆம் வசனத்தில் ‘கீழ்ப்படியுங்கள்’ என்ற வினைச்சொல்லே இல்லை. அது 21ஆம் வசனத்திலிருந்துதான் வந்து நிற்கிறது. ‘ஒருவருக்கொருவர்’ இல்லாமல் அந்த வாக்கியம் முடிவதே இல்லை. அப்புறம் 25ஆம் வசனத்தில் புருஷனுக்குக் கிறிஸ்து ‘தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்ததை’ உதாரணமாகக் காட்டுகிறார் பவுல். மறுபடியும் அதே ‘தம்மைத்தாமே’. இருபது வருடத்துக்கு மேல் இந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதில் எனக்கென்று எழுதியிருந்ததை நான் அவளுக்கென்று வாசித்தேன்.

அன்றிரவு மன்னிப்புக் கேட்டேன். சபை முன்னால் கேட்டதைவிட இது கஷ்டமாக இருந்தது. அங்கே கேட்டு முடித்ததும் பலர் வந்து கை கொடுத்தார்கள். இங்கே அவள், “சரி” என்று மட்டும் சொன்னாள். அவள் விட்டுவிட்ட ஒன்பது வருட வேலையைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. 6,500 ரூபாய் மாதிரி அதை மறுநாள் காலையில் கட்ட முடியாது.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. இப்போதும் கோபம் வருகிறது. இப்போதும் யாராவது என்னைச் ‘சார்’ என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நொடி உள்ளே சுருங்குகிறது. எங்கள் அப்பா கோயிலுக்குக் கொடுத்த பெஞ்சின் முதுகில் அவர் பெயர் அழிந்து வருகிறது. மறுபடி எழுதச் சொல்லலாமா என்று சென்ற மாதம்கூட யோசித்தேன். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மாவின் கல்லறையைப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தைந்து வருடம் ஊர் திரும்பாமல் இந்த மண்ணில் பிள்ளைகளை வளர்த்தவர், 1951இல் இறந்தார். கல்லறைக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்து அம்மா என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுதியிருக்கிறார்கள். பெஞ்சுக்குப் பெயிண்ட் வாங்கவில்லை, இதுவரை.

ஓய்வுபெற்ற பிறகு இப்போது எங்களுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. பாளையங்கோட்டையிலேயே இருப்பதா, இல்லை ஊரில் தாத்தா வீட்டைச் சரிசெய்து அங்கே போய்விடுவதா? எனக்கு ஊருக்குப் போக ஆசை. பனங்காட்டுக் காற்று, பழைய கோயில், காலை மணிச்சத்தம். போன திங்கட்கிழமை காலை ஜெபம் முடித்ததும் அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். பிறகு, “நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நான் இன்னும் ஜெபிக்கலியே. ஒரு வாரம் குடுங்க, ஜெபிச்சிட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

சரி என்றேன். இன்று வியாழக்கிழமை.